கண் புரை அறுவைக்குப் பின் அப்பாவுக்கு வந்த குழப்பம்: அடுத்த கண்ணுக்கு மயக்கம் எப்படிக் கொடுப்பது?

கேள்வி:

என் அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சர்க்கரையும் பி.பி.யும் உண்டு, மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, ஆம்லோடிபின் சாப்பிடுகிறார். அம்மா காலமானதிலிருந்து ஆறு வருடமாக இரவில் அல்பிரசோலம் 0.5 மி.கி. போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். இரண்டு மாதத்துக்கு முன் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். முந்தின நாள் இரவிலிருந்தே எந்த மாத்திரையும் வேண்டாம், வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். "பயப்படாதீங்க, தூங்க வெச்சே செஞ்சிடுவோம்" என்று சொல்லி, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு எழுந்து கண் கட்டைப் பிய்த்தார். சுவரோரம் ஆட்கள் நிற்பதாகச் சொன்னார், அம்மாவைக் கூப்பிட்டார். மறுநாள் பகல் முழுக்க அரைத் தூக்கம், இரவானால் மறுபடி அதே. மூன்றாம் இரவு பழைய தூக்க மாத்திரையைக் கொடுத்தோம். நான்காம் நாள் தெளிந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பெயர்கள் மறக்கின்றன, கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது, இடது கண்ணைத் தொடவே கூடாது என்கிறார் அண்ணன். இடது கண்ணில் பார்வை 6/36, பேப்பர் படிக்க முடியவில்லை. கண் டாக்டர் செய்தாக வேண்டும் என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

– ஒரு மகள், திருநெல்வேலி

பதில்:

இடது கண்ணை விட்டுவிடாதீர்கள், செய்யுங்கள். ஆனால் சென்ற முறை செய்த விதத்தில் வேண்டாம். சொட்டு மருந்தால் கண்ணை மரக்க வைத்து, தூக்க ஊசி இல்லாமலோ மிகமிகக் குறைவாகவோ செய்யும்படி கேளுங்கள். சம்மரியைப் படித்த வரையில் அது உங்கள் அப்பாவுக்குப் பெரும்பாலும் சாத்தியம். அதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அந்த மூன்று இரவுகளுக்குக் காரணம் எது என்று பார்த்தால்தான் அவை விளங்கும்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். அந்த மூன்று நாள் நடந்தது டெலீரியம் என்கிற திடீர்க் குழப்பம். சில மணி நேரத்தில் வரும், பகலில் தணிந்து இரவில் ஏறும், கவனம் நிற்காது. மறதி நோய் அப்படி ஒரே இரவில் வருவதில்லை. இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம்: சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். லேசான மறதி உள்ளவர் மெதுவாகவாவது சொல்லி முடிப்பார். டெலீரியத்தில் இருப்பவர் பாதியில் நழுவி, என்ன கேட்டோம் என்பதையே விட்டுவிடுவார். இப்போது உங்கள் அப்பா இதைச் சொல்லி முடிக்கிறாரா என்று பாருங்கள். முடித்தால், அன்றைய குழப்பம் தீர்ந்துவிட்டது, மிச்சமிருப்பது வேறு ஒன்று என்று கொள்ளலாம். அந்த வேறொன்றைக் கடைசியில் பேசுகிறேன்.

அண்ணனின் பயம் நியாயமானது; பல வீடுகளில் இதே பேச்சுதான். ஆனால் மயக்க மருந்து என்ற ஒன்றே மூளையை நிரந்தரமாகக் கெடுக்கிறது என்பதை ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தவில்லை. 1998-இல் லான்செட் இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், 60 வயது கடந்து பெரிய அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு வாரத்தில் 25.8 சதவீதத்தினரிடம் நினைவு, கவனத் தேர்வுகளில் சரிவு தெரிந்தது. மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. அதே குழு பின்னர் 2003-இல் சிறிய அறுவைகளைப் பார்த்தபோது ஒரு வாரத்தில் 6.8 சதவீதம்தான். அன்றே வீடு திரும்பியவர்களிடம் அது இன்னும் குறைவு. முழு மயக்கமா, உறுப்பை மட்டும் மரக்க வைப்பதா என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இடுப்பு எலும்பு முறிவில் நடந்தன. 2021-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் முதுகில் ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதத்துக்கும் முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதத்துக்கும் டெலீரியம் வந்தது. சீனாவில் நடந்த இன்னோர் ஆய்விலும் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆகவே எந்த வகை மயக்கம் என்பது கதையின் ஒரு பகுதிதான். கண் புரை அறுவை பத்து, இருபது நிமிட வேலை. ரத்த இழப்பு இல்லை, உடலுக்கு அதிர்ச்சியும் இல்லை. அதற்குப் பிறகும் ஒருவர் மூன்று இரவு குழம்பினால், அறுவையை ஒட்டிக் கொடுத்த, நிறுத்திய மருந்துகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் சம்மரியில் அது தெளிவாகவே தெரிகிறது.

முதல் வரி: மிடசோலம் என்ற தூக்க ஊசி 2 மி.கி., ஃபென்டனில் என்ற வலி நீக்கி 50 மைக்ரோகிராம், இரண்டும் நரம்பு வழியாக, சில நிமிட இடைவெளியில். மிடசோலம் பயத்தைப் போக்கும், அந்த நேரத்து நினைவையும் அழிக்கும். நாற்பது வயதுக்காரருக்கு 2 மி.கி. சாதாரணம். 78 வயதில் தேவைப்பட்டால் 0.5 மி.கி. அல்லது 1 மி.கி.யில் தொடங்கி, இரண்டு நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்றி, இன்னும் சில நிமிடம் காத்திருந்து பார்ப்பதுதான் முறை. வயதானவர்களில் மருந்து மூளைக்குச் சென்று வேலை செய்யவே நேரமாகும். "இன்னும் தூங்கவில்லையே" என்று இரண்டாவது முறை கொடுக்கும்போதுதான் அளவு மீறுகிறது. ஃபென்டனிலும் சேர்ந்தால் அந்தக் குறைந்த அளவையும் இன்னும் குறைக்க வேண்டும். இளையவர் உடலில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும் மிடசோலம், வயதான ஆண்களில் அதற்கு இரு மடங்குக்கு மேலும் தங்கலாம். காலை பத்து மணிக்குப் போட்டதன் மிச்சம் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதும் இருந்திருக்கும். சிலருக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் எரிச்சலையும் அலைக்கழிப்பையும் கொடுக்கும். அதைப் பயம் என்று நினைத்து மேலும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

இரண்டாவது வரி: ஏவில் ஊசி ஒன்று. ஒவ்வாமை வராதிருக்க என்று பழக்கத்தில் போடுவார்கள்; ஒவ்வாமை வரலாறு இல்லாதவருக்கு இது தேவையில்லை. ஏவில், ஃபெனர்கன் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. நினைவும் கவனமும் அந்த ரசாயனத்தை நம்பியே நடக்கின்றன; வயது ஏற ஏற அதன் இருப்பு குறைகிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில் முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் மருந்துகளில் இந்த வகையும் மிடசோலம், டயசிபாம் வகையும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு ஒரே காலையில் இரண்டும் ஏறியிருக்கின்றன.

மூன்றாவது, பலரும் கண்டுகொள்ளாத ஒன்று: ஹோமட்ரோபின் சொட்டு மருந்து, மூன்று நாளுக்கு. கண்பாவையை விரிக்க இது போன்ற சொட்டுகள் தேவைப்படும். ஆனால் கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குப் போய், அங்கிருந்து கல்லீரலைத் தொடாமல் நேரடியாக ரத்தத்தில் கலக்கிறது. அட்ரோபின், ஹோமட்ரோபின், சைக்ளோபென்டலேட் மூன்றும் ஏவில் தடுக்கிற அதே ரசாயனத்தைத்தான் தடுக்கின்றன. சைக்ளோபென்டலேட் சொட்டால் மட்டுமே பிரமை வந்தவர்கள் உண்டு. அறுவைக்கு முன் பாவையை விரிக்க டிராபிகாமைடு போதும், அது சீக்கிரம் அடங்கிவிடும். எந்தச் சொட்டாக இருந்தாலும் விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் போகும் அளவு நன்றாகக் குறையும். அறுவை முடிந்த முதல் வாரம் கண்ணைத் தொட்டு அழுத்தக் கூடாது என்பதால் அப்போது கண்ணை மூடி வைத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எப்போது அழுத்தலாம் என்று கண் டாக்டர் சொல்வார்.

நான்காவது: டயமாக்ஸ் 250 மி.கி., காலை மாலை, மூன்று நாள். கண் அழுத்தம் ஏறாதிருக்கக் கொடுப்பது. இது முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அப்பாவின் கிரியாட்டினின் 1.5 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. 78 வயதில் அந்த எண் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்பதற்கு அடையாளம். மருந்து தேங்கினால் சோர்வு, தூக்கக் கலக்கம், குழப்பம் மூன்றும் வரும். ரத்தத்தில் அமிலமும் ஏறும். மறுநாள் பகல் முழுக்க அரைத் தூக்கத்தில் கிடந்ததில் இதற்குப் பங்கு இருக்கலாம்.

இவையெல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது சம்மரியில் இல்லை, உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஆறு வருடமாகப் போட்ட அல்பிரசோலத்தை அறுவைக்கு முந்தின இரவு திடீரென்று நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த மாத்திரைக்குப் பழகிய மூளை, அது நின்ற ஒன்றிரண்டு நாளில் கொந்தளிக்கும்: தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, இல்லாத ஆட்களைப் பார்ப்பது, சிலருக்கு வலிப்பும் கூட. அறுவை நாள் காலையில் போட்ட மிடசோலமும் அதே குடும்பம் என்பதால் பகலில் அது ஈடுகட்டியது. இரவில் அது இறங்கியதும் தட்டுப்பாடு வெளியே தெரிந்தது. மூன்றாம் இரவு மாத்திரை கொடுத்ததும் தூங்கி, நான்காம் நாள் தெளிந்தார் என்கிறீர்கள். இவ்வளவு பொருத்தமாக எல்லா நோயாளியிடமும் அமையாது. "எந்த மாத்திரையும் வேண்டாம்" என்ற பொதுவான வாக்கியத்தை அப்படியே கடைப்பிடித்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எந்த மாத்திரை, எந்த வேளை என்று தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மேலும், முந்தின இரவிலிருந்து பட்டினி; சர்க்கரைக்காரர்; கிளிமெபிரைடு முந்தின நாள் காலை சாப்பிட்டது இன்னும் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். அதோடு அறுவை செய்த கண்ணில் கெட்டிக் கட்டு, மறு கண்ணிலோ புரை. அதாவது, இரவு முழுக்க ஏறத்தாழப் பார்வையே இல்லை. 1958-இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர்கள் வைஸ்மனும் ஹாக்கெட்டும் இதற்குக் கறுப்புக் கட்டுக் குழப்பம் என்றே பெயர் வைத்து எழுதினார்கள். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசையாமல் நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். முதியவர்கள் பிரமை பிடித்துக் கட்டைப் பிய்ப்பார்கள். இன்று கெட்டிக் கட்டுக்குத் தேவை பெரும்பாலும் இல்லை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியே போதும். ஊசி போட்டு மரக்க வைத்தால் இமை மூடாமல் போகலாம், அதனால் சில மணி நேரம் கட்டு வேண்டியிருக்கும். சொட்டு மருந்தில் அந்தத் தொல்லை இல்லை.

இனி இடது கண்.

மரக்க வைக்க மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சொட்டு: புரோபராகெயின் 0.5 சதவீதச் சொட்டை சில நிமிட இடைவெளியில் விட்டு, லிக்னோகெயின் 2 சதவீத ஜெல்லி தடவி, கண்ணுக்குள் போனதும் பதப்பொருள் கலக்காத 1 சதவீத லிக்னோகெயின் அரை மி.லி. வரை செலுத்துவார்கள். கண் அசையும், இமை அசையும், பார்வை இருக்கும். வலி இருக்காது, அழுத்துவது போன்ற உணர்வு மட்டும் தெரியும். இரண்டு, கண்விழியைச் சுற்றியிருக்கும் டெனான் என்ற மெல்லிய உறைக்குள் மொட்டை முனை வளைகுழாயால் 3 முதல் 5 மி.லி. மருந்து விடுவது. கூர்மையான ஊசி கண்ணைச் சுற்றி ஆழமாகப் போகாததால் ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் நீளமானவர்களுக்கும் இது பாதுகாப்பானது. மூன்று, சென்ற முறை உங்கள் அப்பாவுக்குச் செய்தது: கண்ணோரம் ஊசி, லிக்னோகெயினும் பூபிவகெயினும் கலந்து 5 முதல் 8 மி.லி. இந்த ஊசி போடும் சில நொடிகள் கொஞ்சம் வலிக்கும், அழுத்தும். தூக்க மருந்தின் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளுக்காகத்தான் கொடுக்கப்படுகிறது. அந்த நொடி போன பிறகும் மருந்து மணிக்கணக்கில் உடம்பில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இது முதியவர்களுக்கு நஷ்டமான பேரம்.

தமிழ்நாட்டின் கண் முகாம்களில் வந்த லட்சக்கணக்கான கிராமத்து முதியவர்களுக்குத் தூக்க மருந்தே இல்லாமல், நன்றாக எடுத்துச் சொல்லி, ஊசி மட்டும் போட்டு அறுவை செய்திருக்கிறார்கள். 78 வயதில் தூக்க மருந்து இல்லாமல் முடியாது என்பதல்ல. எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும்.

தூங்க வைப்பதில் இன்னொரு ஆபத்து அறுவையிலேயே இருக்கிறது. முகத்தின் மேல் துணி மூடியிருக்கும். பாதி தூங்கியவர் குறட்டை விடுவார், தலை சரியும். திடீரென விழித்து எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழ முயல்வார். அந்த நேரத்தில் கண்ணுக்குள் கருவி இருக்கும். லென்ஸின் பின்னுறை கிழிய ஓர் அசைவு போதும். விழித்திருந்து, "இருமல் வருது டாக்டர்" என்று சொல்லக்கூடியவர்தான் கண் டாக்டருக்கும் நல்ல நோயாளி.

சொட்டு மருந்து எல்லாருக்கும் பொருந்தாது. காது கேட்காமல் சொல்வது புரியாதவர், தலை நடுக்கம் உள்ளவர், படுத்தால் மூச்சு முட்டுபவர், கண்பாவை விரியாதவர், முற்றிப் பழுப்பாகி அதிக நேரம் எடுக்கக்கூடிய புரை இருப்பவர், இவர்களுக்கு டெனான் வழி நல்லது. சிறு தையலற்ற வெட்டு வழியாகக் கையால் எடுக்கும் அறுவை என்றாலும் ஊசி அல்லது டெனான்தான். அப்பாவுக்கு, ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேக்கோ முறையில்தான் செய்திருக்கிறார்கள், பாவை நன்றாக விரிந்ததாக எழுதியிருக்கிறார்கள். இடது கண்ணில் 6/36 என்றால் புரை இன்னும் கல்லாகியிருக்காது. ஒரு வருடம் தள்ளினால் சொட்டு மருந்து என்ற வாய்ப்பு கைநழுவலாம், இதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஊசிதான் போட வேண்டும் என்று கண் டாக்டர் தீர்மானித்தால், தூக்க மருந்து அந்த ஊசிக்கு மட்டும் போதும்: புரோபோஃபால் 20 மி.கி. சுமார், ஒரே முறை. சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். டெக்ஸ்மெடிடோமிடின் என்றொரு மருந்து உண்டு. மூச்சை அதிகம் அடக்காது, தட்டினால் விழிப்பார். டெலீரியத்தைத் தடுக்கிறது என்று சில ஆய்வுகளும், பயனில்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும், தெளிய நேரம் எடுக்கும். இருபது நிமிட அறுவைக்கு அதை நான் முதலில் எடுக்க மாட்டேன். முழு மயக்கம் என்பது சொன்னதை எதுவும் புரிந்துகொள்ள முடியாத நிலையில் உள்ள மறதி நோயாளிக்கும், கட்டுப்படுத்த முடியாத நடுக்கம் உள்ளவருக்கும் உரியது. அவர்களுக்கு அரைகுறைத் தூக்கத்தைவிட ஒழுங்கான முழு மயக்கமே பத்திரம். உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பே மயக்க மருந்து டாக்டரை நேரில் பாருங்கள். அன்று காலை தியேட்டர் வாசலில் பேசுவதில் பயனில்லை. சென்ற முறை சம்மரியையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள். "போன தடவை மூணு நாள் டெலீரியம் வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், அதைக் கேட்டதுமே எந்த மயக்க மருந்து டாக்டரும் அளவை மாற்றுவார். ஏவில் வேண்டாம், ஹோமட்ரோபினும் டயமாக்ஸும் கண்டிப்பாகத் தேவையா, டயமாக்ஸ் தேவையென்றால் கிரியாட்டினினுக்கு ஏற்ற அளவு என்ன என்று கேளுங்கள். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எப்போதாவது சாப்பிட்டிருந்தால், நிறுத்திப் பல மாதமானாலும் கண் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். கருவிழித் திரை தளர்ந்து அறுவையில் சிக்கல் வரும்.

அல்பிரசோலத்தை நிறுத்தாதீர்கள். அதே அளவு, அதே இரவு வேளை, முந்தின நாளும் அன்றும் தொடரட்டும். அதை மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். பி.பி. மாத்திரையைக் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு சாப்பிடலாம். சொட்டு மருந்தில் செய்தால் பல மருத்துவமனைகளில் பட்டினியே கிடையாது, இட்லி சாப்பிட்டு வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையும் போட்டு வரச் சொல்வார்கள். பட்டினி வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் உணவில்லை, இரண்டு மணி நேரம் வரை தண்ணீர் குடிக்கலாம். அப்போது கிளிமெபிரைடைக் காலையில் கொடுக்கக் கூடாது. அன்றைய பட்டியலில் முதல் ஆளாகப் போடும்படி கேளுங்கள்.

காது கருவி போடுபவர் என்றால் தியேட்டருக்குள்ளும் அது இருக்கட்டும். அறுவை செய்யாத பக்கத்துக் காதிலாவது. உள்ளே போகுமுன் அவருக்கே சொல்லிவிடுங்கள்: முகத்தில் துணி மூடுவார்கள், காற்று வரும், பிரகாசமான வெளிச்சமும் நிறங்களும் தெரியும், அது இயல்பு, தண்ணீர் ஓடும் சத்தமும் மெஷின் சத்தமும் கேட்கும், இருமலோ அசைய வேண்டுமென்றோ இருந்தால் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். துணிக்கடியில் ஆக்சிஜன் குழாய் வைக்கச் சொல்லுங்கள், வெளிமூச்சு தேங்கினாலே வயதானவர்களுக்குப் பதற்றம் வரும். ஒரு நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா என்று கேளுங்கள். இது சும்மா ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. கை பிடித்த நோயாளிகளின் பதற்றம் குறைகிறது என்று கண் புரை அறுவையிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அன்றிரவு அவர் தன் அறையில், தன் கட்டிலில் படுக்கட்டும். மங்கலான விளக்கு எரியட்டும், மணிக்கூண்டு போல் பெரிய எண்ணுள்ள கடிகாரம் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும், பழைய கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில். நீங்களோ அண்ணனோ அதே அறையில் படுங்கள். தண்ணீர் குடிக்க வைத்து, படுக்குமுன் சிறுநீர் கழிக்க வையுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டோ மலச்சிக்கலாலோ வரும் குழப்பத்தைக் கவனிக்காமலேயே விட்டுவிடுவோம். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. போதும். டிராமடால் என்ற கடுமையான வலி மாத்திரை வேண்டாம். பாராசிட்டமாலுக்கு அடங்காத கண் வலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அன்றிரவே கண் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மறுபடி குழம்பினால் வாதிடாதீர்கள், கையைக் கட்டாதீர்கள், கூடுதலாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். பெயர் சொல்லி, எந்த இடம், எந்த நாள், கண்ணில் என்ன செய்திருக்கிறது என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உடனே விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் சர்க்கரைத் தண்ணீர், பிறகு சாப்பாடு. காய்ச்சல், சிறுநீர் போகாமை, மூச்சுத் திணறல் பாருங்கள். எழுப்பினாலும் எழவில்லை, பேச்சு குழறுகிறது, வாய் கோணுகிறது, வலிப்பு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். சத்தம் போடாமல் சுருண்டு படுத்துச் சாப்பிட மறுப்பதும் டெலீரியம்தான். "நன்றாக ஓய்வெடுக்கிறார்" என்று பலரும் விட்டுவிடுகிற வகை இது. உங்கள் அப்பாவுக்கு மறுநாள் பகலில் இருந்ததும் இதுவே. அதே சமயம், புத்தி தெளிவாக இருந்து, "பூ மாதிரி, முகம் மாதிரி ஏதோ தெரியுது, ஆனா நிஜமில்லேன்னு தெரியும்" என்று சொன்னால் அது பார்வைக் குறைவால் வரும் காட்சி, சார்லஸ் போனே நிலை என்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, கண் டாக்டரிடம் சொன்னால் போதும்.

இப்போது மறதி. டெலீரியம் வந்து போன முதியவர்களில் பலருக்கு முன்பே லேசான சரிவு இருந்து, அது அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிய வருகிறது. 2018-இல் மயக்க மருத்துவர்களும் நரம்பியலாளர்களும் சேர்ந்து வகுத்த முறைப்படி, முதல் 30 நாள் சரிவை மெதுவான மீட்சி என்றே கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் 12 மாதம் வரை நீடித்தால்தான் அறுவையோடு தொடர்புள்ள நினைவுக் கோளாறு என்று பேசலாம். நீங்கள் எழுதுவது இரண்டாம் மாதம். இதை அலட்சியம் செய்யவும் வேண்டாம், முடிவு கட்டவும் வேண்டாம்.

கண்ணைச் செய்யாமல் விடுவதால் நினைவு காப்பாற்றப்படும் என்பதற்கு ஆதாரமில்லை. எதிர்ப்பக்கத்தில்தான் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயது கடந்த 3,038 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் விகிதம் செய்யாதவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. பார்வையைக் கூட்டாத கண் அழுத்த அறுவையில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. இது கவனிப்பு ஆய்வு, புரை எடுப்பதே காரணம் என்று நிரூபிக்காது. ஆனாலும் 2024-இல் லான்செட் ஆணையம் மறதி நோயைத் தடுக்கக் கவனிக்க வேண்டிய 14 காரணிகளில் ஒன்றாகச் சரிசெய்யாத பார்வைக் குறைவைச் சேர்த்தது. பேப்பர் படிக்காமல், முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் மூளைக்கு வேலையே இல்லை என்பதையும் யோசியுங்கள்.

அறுவைக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று: ரத்தத்தில் பி12, தைராய்டு, சோடியம் மூன்றும் பாருங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். அந்தக் குறைவே பெயர் மறக்க வைக்கும், ஊசியில் சரிசெய்யலாம். நினைவுத் தேர்வை இடது கண் முடிந்து, புதுக் கண்ணாடி போட்டு, மூன்று மாதம் போன பிறகு வையுங்கள். கடிகாரம் வரையச் சொல்லும் தேர்வில் கண் தெரியாதவர் தோற்றால் அது மறதியாகாது. அதற்கும் பிறகு, கடைசியாக, அல்பிரசோலத்தைக் குறைக்கும் வேலை: டாக்டர் மேற்பார்வையில், கால் மாத்திரை கால் மாத்திரையாக, சில வாரத்துக்கு ஒரு படி, தூக்கம் கெட்டால் அந்தப் படியிலேயே நின்று, பல மாதம் எடுத்து. அப்பாவின் நினைவுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் அதுவும் பெரியது. அதை அறுவை வாரத்தில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.